சிங்கர் மூடிக்குள் உறையும் வாடை: குருசுக்குப்பத்திலிருந்து ஓர் ஆய்வு

தையல் இயந்திரம் நாறுகிறது என்று சொன்னால், பழந்தமிழ் வழக்குப்படி அது பாராட்டு. அன்று நாற்றம் என்றால் நறுமணம். பூ நாறியது, கூந்தல் நாறியது, புலவர்கள் மகிழ்ந்தார்கள். அந்தச் சொல் எந்த நூற்றாண்டில் மூக்கைப் பொத்திக்கொண்டது என்பதை மொழியியலார் பார்த்துக்கொள்ளட்டும். இவ்வாய்வின் எல்லை சிறியது. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு பழைய வீடு, அதன் சாமான் அறை, அங்கே வளைந்த மர மூடிக்குள் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த பாட்டியின் சிங்கர்.

முதலில் வரலாறு. அடித்தட்டில் பொறித்த எண் ஒய் என்ற எழுத்தில் தொடங்குவதால் அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் 1920களிலோ 1930களின் தொடக்கத்திலோ பிறந்தது. ஆங்கிலேயர் நாட்டுச் சரக்கு பிரெஞ்சுக்காரர் ஊருக்குள் எந்த வழியாக வந்தது என்பதைப் பாட்டி கடைசிவரை சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கும் தையல் இயந்திரம் புதிதல்ல. அவர்களுள் ஒருவரான பார்தெலெமி திமோனியே 1830-லேயே காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே பாரிஸ் தையற்காரர்கள் பிழைப்புப் போய்விடும் என்று பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கிவிட்டார்கள். வாடை பிடிக்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

வாடை என்று மொட்டையாகச் சொல்வது ஆய்வாளனுக்கு அழகல்ல. ஓதம் சுவருடையது. பூசணம் தோல்பையுடையது. மக்கல் மடித்துவைத்த துணியுடையது. சிக்கு தலையணை உறையுடையது. காறல் பழைய எண்ணெயுடையது. மூடியைத் திறந்ததும் ஐந்தும் வரிசை தவறாமல் வந்தன. பின்னால் நின்ற அத்தை, "எலிப் புழுக்கையும் இருக்குதுடா" என்று ஆறாவதைச் சேர்த்தார். இழுப்பறையைத் திறந்தபோது அதுவும் நிரூபணமானது. தொல்காப்பியர் கறையானுக்கு மூவறிவு என்றார். அந்த மூன்றாவது அறிவு மூக்கு. எங்கள் மூடியைக் கறையான் இதுவரை தொடவில்லை என்பதை அந்த மூக்கு அளித்த தீர்ப்பாகவே கொள்கிறேன்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, சாமான் அறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியது. காற்று நகராத ஈர இடத்தில் பூஞ்சைக்கு மரமும் வஜ்ரப் பசையும் விருந்து. அது தின்றுவிட்டு விடும் ஆவிகளே நம் மூக்கில் ஏறுகின்றன. அவற்றுள் ஒன்று ஜியோஸ்மின். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் மழையில் கிளம்பும் மண்வாசனையும் இதே ஜியோஸ்மின்தான். வாசலில் வந்தால் கவிதை எழுதுகிறோம், மூடிக்குள்ளிருந்து வந்தால் முகம் சுளிக்கிறோம்.

இனி சோதனைகள். வீட்டில் மூத்த கட்சி சாம்பிராணிக் கட்சி. மூடிக்குள் அரைமணி நேரம் புகை காட்டினோம். மக்கலும் சாம்பிராணியும் சண்டை போடாமல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின. அடுத்து அந்துருண்டை, அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

இயந்திரத்தைச் சாய்த்து அடிவயிற்றைப் பார்த்தபோதுதான் ஆய்வு திசை திரும்பியது. ஊசித் தகட்டுக்குக் கீழே, ஷட்டில் ஓடும் இடத்தில், பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பாக, காய்ந்த வடாம் போல ஒட்டிக்கிடந்தது. விரல் நகத்தால் பெயர்த்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். மெஷின் எண்ணெய் தீர்ந்த ஏதோ ஒரு நாளில் யாரோ தலைக்கு வைப்பதை ஷட்டிலுக்கும் வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் கொண்டு ஒரு பிற்பகல் முழுக்கத் தேய்த்ததில் காறல் தீர்ந்தது. இரும்புக்குச் சொந்த வாடை கிடையாது, வைத்துக்கொடுப்பவர்கள் நாம்தான்.

மரம் அப்படியல்ல, குடித்ததைக் கக்க அதற்கு நாளாகும். உட்புறத்தை வினிகர் நனைத்த துணியால் துடைத்தோம். வெயிலில் போட்டால் ஒட்டுப்பலகை பிரிந்துகொள்ளும் என்பதால் திண்ணை நிழலில் காற்றாட வைத்தோம். உள்ளே ஒரு தட்டில் அடுப்புக்கரி, இன்னொன்றில் ஆப்ப சோடா. பத்து நாளில் வாடை பாதியாகியது. மீதியை அடைக்க உட்புறம் இரண்டு பூச்சு பிரெஞ்சு பாலிஷ். பிரெஞ்சுக்காரர் 1954-ல் நிர்வாகத்தையும் 1962-ல் சட்டப்படி ஊரையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பெயரில் பாலிஷ் இன்னும் விற்கிறது. உண்மையில் அது ஸ்பிரிட்டில் கரைத்த நம் நாட்டு அரக்கு. ஜார்கண்ட் காட்டு மரங்களில் ஒரு பூச்சி கக்குவது.

பாலிஷ் காயும் நேரத்தில்தான் அந்த விபத்து. விளையாட்டாகச் சாவியைத் திருகிப் பார்த்தேன். பூட்டின் நாக்கு வெளியே நீண்டது. சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய் வந்தேன், சாவி இல்லை. நாக்கு நீட்டிய நிலையில் மூடி உட்கார மறுத்தது. காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாவிகளைக் கொத்துக்கொத்தாகக் கிளறினேன். எதுவும் சேரவில்லை. வேறு வழியின்றி இயந்திரம் மூடியில்லாமல் கூடத்துக்கு வந்தது. அத்தை போகிறபோக்கில் ஒரு தலையணை உறை தைத்தார், மறுநாள் பாவாடைக்கு ஓரம் அடித்தார். ஒரு மாதம் கழித்து முகர்ந்து பார்த்தேன். புது மெஷின் எண்ணெய் வாசம் மட்டும்.

பாலிஷின் வெற்றி என்று முடிவுரை எழுத உட்கார்ந்தேன். அத்தை கேட்டார்: "எங்கம்மா தெனம் தச்சாங்க. அப்ப இத மூடினதே கெடையாது. அப்ப எந்த பாலிஷ்டா போட்டாங்க?"

முடிவுரையை அடித்துவிட்டேன். குருசுக்குப்பம் பக்கம் சின்னதாக ஒரு பூட்டுச் சாவி கண்டெடுத்தவர்கள் தயவுசெய்து அதைத் திருப்பித் தர வேண்டாம்.