டாலர் மூணு அண்ணன்

சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட்டிலோ பரனூர் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலோ மென்பொருள் எழுதும் எந்தக் குழுவிலும் இவர் ஒருவர் இருப்பார். நாற்பதை ஒட்டிய வயது, கருந்திரையில் பச்சை எழுத்து, மவுஸைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம். எந்தக் கருவி எதைக் கக்கினாலும் அதை 'ஆக்' கட்டளைக்குத் தள்ளி, ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது சொல்லை உருவிக்கொள்வார். ஆக் மொழியில் மூன்றாவது சொல்லுக்கு டாலர் மூன்று என்று பெயர். ஜூனியர்கள் வைத்த பட்டம் அப்படி வந்ததுதான்.

அண்ணனை லேசாக எடைபோட முடியாது. ஒரு நிரல் துப்புவதை இன்னொன்றுக்குக் குழாய்வழி அனுப்பும் ஏற்பாடு யூனிக்ஸில் 1973-இல் வந்தது. ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் ஆக்கை எழுதியது 1977-இல். அந்தப் பரம்பரையில் வந்தவர் இவர். ஒரே குறை, மனிதக் கண்ணுக்காக அச்சிட்ட வரியைப் பதிவு செய்த பத்திரம் போல நம்பிவிடுவார்.

கணினியின் ஐபி முகவரியைக் காட்டும் 'இஃப்கான்ஃபிக்', முன்பு எண்ணுக்கு முன்னால் 'ஆடர்' என்று எழுதி முக்காற்புள்ளி வைக்கும். அண்ணனின் ஸ்கிரிப்ட் அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் எண்ணை வெட்டியது. 2014-இல் வந்த சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்தில் 'ஆடர்' போய்விட்டது, புள்ளியும் போய்விட்டது. ஸ்கிரிப்ட் வெறுங்கையோடு திரும்பியது. விரிவான கோப்புப் பட்டியலுக்கு 'எல்எஸ் -எல்' போட்டு டாலர் ஒன்பதை எடுப்பார். யாராவது 'சேலரி ஸ்லிப் ஜூலை' என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்தால் 'சேலரி' மட்டும் கிடைக்கும்.

எச்சரிக்கைக்கெல்லாம் மசிகிற ஆளும் இல்லை. உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்' கட்டளையின் வெளியீட்டை ஸ்கிரிப்டுக்குள் குழாயில் விட்டால், 'என் வெளியீடு நிலையானதல்ல, ஸ்கிரிப்டில் பார்த்துப் பயன்படுத்துங்கள்' என்ற பொருளில் அதுவே வாய்விட்டுச் சொல்லும். அண்ணன் அந்த வரியை, எதையும் விழுங்கிவிடும் 'டெவ் நல்'லுக்குத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போவார்.

வினை ஞாயிற்றுக்கிழமைதான் வரும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் மகனைக் கைதூக்கி நிற்கவைத்துப் படமெடுக்கும் நேரம் பார்த்து போன் அடிக்கும்.

"ணா, நைட் ஜாப் ஊத்திக்கிச்சு."

"என்னடா மாத்துனீங்க?"

"ஒண்ணுமில்லணா, டூலை அப்டேட் பண்ணோம். வரிக்கு முன்னாடி ஒரு பச்சை டிக் வருது, சூப்பரா இருக்கு."

"டிக் வந்தா மூணு நாலாயிடும்டா!"

சர்வர் பெயர் இருந்த இடத்துக்கு 'ரன்னிங்' என்ற சொல் நகர்ந்திருக்கும். அந்தப் பெயரில் ஒரு சர்வரைத் தேடி ஸ்கிரிப்ட் ராத்திரி முழுக்க அலைந்திருக்கும். மகன் கையைத் தூக்கியபடியே நிற்பான்.

பழி முழுவதும் அண்ணன் மேல் இல்லை. டிக் போட்ட தம்பிக்குத் தன் வெளியீட்டை இயந்திரமும் படிக்கும் என்ற நினைப்பே இல்லை. நினைத்தவர்கள் இருக்கிறார்கள். கோப்பு மாற்றங்களைக் காட்டும் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளைக்கு 'போர்சலைன்' என்றொரு விருப்பம் உண்டு. பதிப்பு மாறினாலும், பயனர் தன் அமைப்பை மாற்றினாலும் அதன் வடிவம் மாறாது என்று கிட் ஆவணமே வாக்குக் கொடுக்கிறது. கொள்கலன்களை மேய்க்கும் 'கியூப்சிடிஎல்' கேட்டால், இயந்திரம் படிக்கும் ஜேசான் வடிவில் தரும். ஆனால் ஒருமுறை வெளியே விட்ட வடிவத்தைப் பிறகு மாற்றுவது எளிதல்ல. நிரல்களைக் கட்டும் 'மேக்' கருவியை 1976-இல் எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் வேண்டும் என்று விதி வைத்தார். அது தொல்லை என்று புரிவதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வேலை கெடக் கூடாதென்று மாற்றாமல் விட்டார். அந்த டேப் இன்றும் உலகத்தைப் படுத்துகிறது.

ஆகவே, பழைய மாமல்லபுரம் சாலையில் கருவி எழுதும் தம்பி தங்கைகளே! டிக், வண்ணம் எல்லாம் திரைக்கு மட்டும் போகட்டும், குழாய்க்குள் வேண்டாம். ஜேசானுக்குத் தனி விருப்பம் வையுங்கள், புலப் பெயர்களை அதன்பின் தொடாதீர்கள். புலம்பல்களைப் பிழை ஓடையில் விடுங்கள். வேலை தோற்றால் வெளியேறும் குறியீடு பூஜ்யமாக இருக்கக் கூடாது. இத்தனையும் செய்தாலும் அண்ணன் டாலர் மூணைத்தான் உருவுவார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்கள் பொறுப்பில்லை.