எல்லோருக்கும் பதில்

ஒரு சுகாதாரத் துறை தன் ஊழியர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று திட்டமிடுகிறவர்கள் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். இருக்கும் திசை நோக்கிக் கும்பிடலாம். 2016 நவம்பர் 14 அன்று அங்கே ஒரு சோதனை மின்னஞ்சல் புறப்பட்டது. விஷயம் ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்ததோ சுமார் 8,40,000 பேருக்கு. எந்தச் சுற்றறிக்கைக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கிறது?

ஊழியர்களின் ஈடுபாடு அதைவிடச் சிலிர்ப்பு. தன்னைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி ஒருவர் எழுதினார், எல்லோருக்கும். எல்லோருக்கும் பதில் போடாதீர்கள் என்று இன்னொருவர் கண்டித்தார், அதையும் எல்லோருக்கும். ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறக்குறைய 50 கோடி அஞ்சல்கள். நோயாளிகள் காத்திருக்கலாம், உரையாடல் காத்திருக்குமா?

வெளித்தொடர்பும் சளைத்ததல்ல. 2018-இல் கணக்கெடுத்தபோது இங்கிலாந்து மருத்துவமனைகளில் சுமார் 9,000 ஃபேக்ஸ் இயந்திரங்கள் உழைத்துக்கொண்டிருந்தன. ரசனையற்ற சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் புதிதாக வாங்கக் கூடாதென்று தடை போட்டார். விட்டிருந்தால் அடுத்து புறாப் பிரிவு ஒன்றும், அதற்கொரு துணை இயக்குநரும், தானியத்துக்குத் தனி டெண்டரும் வந்திருக்கும்.

நடுவில் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் புகுந்து கணினிகளை முடக்கியது. இத்தகைய தாக்குதலுக்கென்று துறையிடம் திட்டம் இருந்தது. உள்ளூர் அளவில் ஒத்திகை பார்க்கத்தான் மறந்துவிட்டார்கள் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது. அந்த நாள்களில் வேலை ஓடியது பேனா, காகிதம், தொலைபேசி, வாட்ஸ்அப் ஆகியவற்றை வைத்து.