லாஸ்ட் சீன் 2.47

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்கு ராத்திரி 9 மணிக்குப் போன் போட்டால், 'படிச்சிட்டிருக்கேம்மா, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறான். வாட்ஸ்அப்பில் பார்த்தால் 'லாஸ்ட் சீன் 2.47'. அவனை எப்படி நம்புவது?
– ஓர் அம்மா, ராசிபுரம்

பதில்: நிமிஷக் கணக்கோடு எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? காலையில் எழுந்துதான் பார்த்தேன் என்பீர்கள். சரி, நம்பிவிட்டேன். அதே மாதிரி அவனையும் நம்பிப் பாருங்கள்.

கேள்வி: இன்டர்நெட் அடிமைத்தனம் என்பது நிஜமாகவே நோயா? இல்லை, பெரிசுங்க கிளப்பிவிட்டதா?
– மூன்றாமாண்டு பி.இ. மாணவர், கோவை

பதில்: கிளப்பிவிட்டவர் ஒரு மனநல மருத்துவர், அதுவும் விளையாட்டாக! நியூயார்க்கைச் சேர்ந்த இவான் கோல்ட்பெர்க் 1995-இல், மனநோய்க் கையேட்டின் விறைப்பான நடையைக் கிண்டல் செய்ய, இல்லாத நோய் ஒன்றுக்குப் பேர் வைத்து, விரல்கள் தானாக டைப் அடிப்பது உட்பட அறிகுறிகளையும் எழுதிப் போட்டார். படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று பார்த்தால், 'டாக்டர், எனக்கும் இருக்கு' என்று வந்து நின்றார்கள். மறுவருஷமே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். இடையில் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுகிறீர்களா என்கிற மாதிரி 20 கேள்விகள் கொண்ட அவருடைய சோதனைத்தாள் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு உண்டு. ரீல்ஸ் கிடையாது. ஆகவே அட்டெண்டன்ஸ் குறைச்சலுக்கு வேறு சர்டிபிகேட் பார்க்கவும்.

கேள்வி: வீடு சரியில்லாவிட்டால்தான் பிள்ளைகள் போனில் விழுவார்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் என்ன குறை? கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறோம்.
– ஓர் அப்பா, திருநெல்வேலி

பதில்: அப்படி வாங்கித் தந்ததில் ஒன்றுதானே அந்தப் போன்!

கல்லூரி மாணவர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வுகள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. வீட்டோடு ஒட்டுதல் குறைந்த பிள்ளைகளிடம் இந்தத் தொல்லை கூடுதல் என்று பெரும்பாலும் சொல்கின்றன. ஆனால் வீடு கசந்ததால் போனுக்குப் போனானா, போனுக்குப் போனதால் வீடு கசந்ததா? ஒரே நாளில் இரண்டையும் கேட்டு எழுதினால் எது முந்தி என்று எப்படித் தெரியும்? அதனால் பழி முழுவதையும் உங்கள் தலையில் கட்டமாட்டேன். பாதிதான்.

அந்தப் பாதிக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் போனில் அவன் பேரைத் தொட்டு, போன மாதம் பேசிய அழைப்புகளைப் பாருங்கள். 48 விநாடி, 1 நிமிஷம் 5 விநாடி, 52 விநாடி... இந்த ரகத்தில்தான் இருக்கும். அந்த 48 விநாடிக்குள் என்ன பேசியிருப்பீர்கள் என்று நானே சொல்கிறேன்: சாப்பிட்டியா, அரியர் எத்தனை, பணம் இருக்கா. அப்புறம், 'இந்தா, அம்மாகிட்ட பேசு.' அன்றைக்கு ராத்திரி கேமில் அவனோடு சேர்ந்து சுட்டுக்கொண்டிருக்கிற, முகம் தெரியாத நாக்பூர்க்காரப் பையன் ஹெட்போனில் கேட்கிறான்: 'என்னாச்சு, குரலே சரியில்லையே?' பிள்ளை எந்தப் பக்கம் சாய்வான்? அரியரை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துப் பேசிப் பாருங்கள். அரியர் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: லீவில் வந்திருக்கும் பேரனுக்காக ராத்திரி 10 மணிக்கு வைஃபையை அணைத்துவிடலாமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: தென் கொரிய அரசாங்கமே இப்படி அணைத்துப் பார்த்தது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருஷம் மல்லுக்கட்டிவிட்டுச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். உங்கள் பேரனோ கல்லூரிக்காரன். பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

கேள்வி: ஐந்து நிமிஷம் என்று எடுத்தால் இரண்டு மணி நேரம் போகிறதே, ஏன்?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: முன்பெல்லாம் வலைப்பக்கத்துக்கு அடி என்று ஒன்று இருந்தது. அடுத்த பக்கம் வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் புத்தி வர வாய்ப்பிருந்தது. 2006-இல் அசா ராஸ்கின் என்பவர் முடிவே இல்லாமல் ஓடும் பக்கத்தை வடிவமைத்தார். இலையை மடிக்கவிடாமல் பரிமாறிக்கொண்டே இருக்கிற கல்யாணப் பந்தி மாதிரி. பிற்பாடு அவரே இதற்காக வருத்தப்பட்டார். சார்ஜரைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் மாட்டிவையுங்கள், சோம்பேறித்தனமும் சமயத்தில் உதவும்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போக வேண்டும்?
– ஒரு விரிவுரையாளர், சேலம்

பதில்: பரீட்சையைத் தவறவிடுகிறான், பகலும் இரவும் தலைகீழாகிவிட்டது, குளியல் சாப்பாடு மறந்துபோனது, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். இதற்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போகுமுன் 14416-க்குப் பேசலாம், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். இந்த பதிலில் மட்டும் ஜோக் இல்லை.

கேள்வி: பேமிலி குரூப்பில் தினமும் 40 ஃபார்வர்டு போடும் அம்மா, என்னைப் போன் பைத்தியம் என்கிறார். நியாயமா?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: அந்த 20 கேள்வித் தாளை அம்மாவுக்கும் ஃபார்வர்டு செய்யலாம். பார்க்காமலேயே இன்னும் நாலு குரூப்புக்குத் தள்ளிவிடுவார். ஆனால் ஒருநாள் காலையில் அந்த குட்மார்னிங் ரோஜாப்பூ வரவில்லை என்று வைத்துக்கொள். ஒன்பது மணிக்குள் பதறிப்போய் நீயே போன் போடுவாய். 48 விநாடியைத் தாண்டுகிறதா என்று பார்த்து எனக்கும் எழுது.