சல்லிசு டிக்கெட்டுக்காரர்

சல்லிசு டிக்கெட்டுக்காரர் என்பவர், கப்பல் சுற்றுலாவுக்கான பணத்தை ஒரே மூச்சில் கட்டிவிட்டு, அந்தக் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குப் போகும் விமான டிக்கெட்டை மட்டும் கடைசிவரை எடுக்காமல் வைத்திருப்பவர். உத்தமபாளையத்தில் தெருவுக்கு ஒருவர் என்றால் மிகை. பெரிய குடும்பத்துக்கு ஒருவர் என்றால் பொருந்தும். வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப்பையில் இரண்டு போன். இரண்டாவது போன் ஏன் என்பது பின்னால் வரும்.

இந்த இனம் இங்கே செழிப்பதற்கு முதல் காரணம் ஊர் அமைந்திருக்கும் இடம். மலை சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாறு ஓடுகிறது. கடல் இல்லை, விமான நிலையம் இல்லை, ரயிலும் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக ரயில் விடச் சொல்லி மனுக் கொடுப்பது தலைமுறை தாண்டிய வழக்கம். பக்கத்தில் எதுவும் இல்லாத ஊர்க்காரருக்கு எல்லாமே ஏறக்குறைய ஒரே தூரம்தான். மதுரைக்குப் போனால் கொழும்பு வழியாகப் பறக்கலாம். திருச்சிக்குப் போனால் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் நேரடி. குமுளி ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம். சென்னையும் பெங்களூரும் ஆம்னி பஸ்ஸில் ஓர் இரவு. சொந்தமாக ஒரு விமான நிலையம் உள்ள ஊர்க்காரர் அதில் விலை பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார். உத்தமபாளையத்துக்காரர் ஐந்திலும் பார்க்க வேண்டும். பார்த்து முடிப்பதற்குள் முதலாவதில் விலை மாறியிருக்கும்.

இரண்டாவது காரணம் ஏலக்காய். போடியிலும் மலைக்கு மேலே புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. அன்றைய விலை தெரியாமல் இந்த வட்டாரத்தில் யாரும் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை. 2019 ஆகஸ்டில் புத்தடியில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதற்கு முன்பே விற்றுத் தீர்த்தவர்கள் அந்தப் பேச்சு வந்தால் இன்றும் எழுந்து போய்விடுகிறார்கள். பொறுத்தவனுக்கே லாபம் என்ற பாடம் அப்படி ஊறியது. ஏலக்காயில் விலை ஏறும்வரை பொறுப்பவர் டிக்கெட்டில் இறங்கும்வரை பொறுக்கிறார். ஏலக்காய் கிட்டங்கியில் கிடக்கும், அடுத்த வாரமும் விற்கலாம். விமானம் கிளம்பிப் போனபின் அதில் காலியாக இருந்த சீட்டை யாரும் வாங்க முடியாது என்ற வித்தியாசத்தை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

விமான நிறுவனம் அந்த வித்தியாசத்தை வைத்தே பிழைக்கிறது. ஒரே வரிசையில் ஒரே மாதிரி இருக்கும் சீட்டுகளைப் பல விலைகளாகப் பிரித்து, குறைந்த விலையை முதலில் விற்றுத் தீர்த்து, நாள் நெருங்க நெருங்க மேல் விலைக்குப் போவது அதன் முறை. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனத்தைச் சமாளிக்க 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த வித்தையைப் பெரிய அளவில் கையாண்டது. இந்தியாவில் 2003-இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்கும் டிக்கெட் விற்றது. சல்லிசு டிக்கெட்டுக்காரர் அந்த ஒரு ரூபாய் டிக்கெட்டில் பறந்தவர் இல்லை. பறந்த ஒருவரைத் தெரியும், அது போதும்.

இவருடைய நம்பிக்கைகள் பல. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் விலை விழும். பார்க்கப் பார்க்க ஏறும். அதனால்தான் இரண்டாவது போன். அதிலும் ஏறினால் மச்சினன் போன். நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால் விலை கூடுகிறது, ஒருவருக்குத் தேடினால் குறைகிறது என்றும் சொல்வார். இது மட்டும் உண்மையாக இருப்பதுண்டு: குறைந்த விலையில் இரண்டே சீட்டு மீதமிருந்தால், நாலு பேரையும் சேர்த்து மேல் விலைக்குத் தள்ளிவிடும் தளங்கள் இருக்கின்றன. தற்செயலாக ஓர் உண்மை அகப்பட்டதால் மற்ற நம்பிக்கைகளுக்கும் பலம் கூடிவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டு அருகே டிராவல்ஸ் வைத்திருப்பவருடன் இவர் நடத்தும் உரையாடல் மாதம் மாறினாலும் மாறாது.

“அண்ணே, மதுரையில ஏறி கொழும்பு வழியா சிங்கப்பூர். ஒரே டிக்கெட்டு, பெட்டியும் நேரா போயிரும். போட்டுறவா?”

“பொறு தம்பி. இன்னும் இறங்கும்.”

பக்கத்தில் நிற்கும் மனைவி டிராவல்ஸ்காரரிடமே சொல்வார்: “கப்பல் கெளம்புறதுக்குள்ள இறங்குமான்னு கேளு தம்பி.”

கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்து நோயின் கடுமை மாறும். சென்னையிலிருந்து என்றால் லேசானது. 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் சுற்றுலாக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. மறு ஆண்டு அதே கப்பல் இலங்கைக்கும் போனது. 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு வாரம் மூன்று நாள் ரயிலும் வந்துவிட்டது. தேனியில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. ஆனால் ரயில் கட்டணம் ஏறி இறங்காதது. அதில் இவருக்கு ருசி இல்லை. கொச்சியிலிருந்து என்றால் ருசி இன்னும் குறைவு: காரிலேயே போய்விடலாம், தேடுவதற்கு விமானமே கிடையாது. அப்போதும் மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கொச்சி என்று ஒருமுறை பார்த்து வைப்பார்.

முற்றிய நிலை சிங்கப்பூரில். 2012-இல் திறந்த மரினா பே கப்பல் முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுப் பயணங்கள் கிளம்புகின்றன. திருச்சியிலிருந்து நேராகப் போவதைவிடக் கோலாலம்பூருக்குக் குறைவாக இருப்பதை ஓர் இரவு இவர் கண்டுபிடிக்கிறார். 2023 டிசம்பர் முதல் மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம் என்பது இவருக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடாகத் தெரிகிறது. அங்கிருந்து பஸ், ஜொகூர் பாலத்தில் குடிநுழைவு வரிசை, பிறகு துறைமுகம். மிச்சமான பணம் உத்தமபாளையம்–திருச்சி வாடகைக் காருக்கும், கோலாலம்பூரில் ஓர் இரவு அறைக்கும், பஸ்ஸுக்கும் பிரிந்து போகிறது. இவை “போக்குவரத்துச் செலவு”, டிக்கெட் கணக்கில் வராது.

ஒன்றோடொன்று ஒட்டாத டிக்கெட்டுகளில் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. கப்பலும் காத்திருக்காது, கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே, சிலவற்றில் அதற்கும் முன்பே, ஏறும் வழியை அடைத்துவிடுவார்கள். தவறவிட்டவர் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். இதனால்தான் முந்தின நாளே வந்துவிடச் சொல்கிறார்கள். கப்பல் நிறுவனம் வழியாகவே விமான டிக்கெட் எடுத்தால், தாமதமானாலும் கப்பலில் சேர்க்கும் பொறுப்பை அது ஏற்பதுண்டு. அந்த டிக்கெட் இரண்டாயிரம் அதிகம் என்று இவர் அதைத் தொடவே மாட்டார். விமானத்தில் ஏறும்வரை ஏறும் விலைக்காகக் கவலைப்பட்டவர், ஏறியபின் கடிகாரத்துக்காகக் கவலைப்படுவார்.

மலிவு டிக்கெட்டில் கைப்பைக்குப் பெரும்பாலும் ஏழு கிலோ. உள்ளே போகும் பெட்டிக்குத் தனிக் காசு என்பதால் நாலு பேர் துணியும் நாலு கைப்பைக்குள். முந்தின நாள் சாயங்காலம் அவை ஏலக்காய்க் கடை எலெக்ட்ரானிக் தராசில் ஏறும். ஏழு கிலோ நூற்று நாற்பது கிராம். முறுக்குப் பொட்டலம் வெளியே வரும். ஏழு கிலோ. பேத்தி நைசாக ஒரு முறுக்கைத் திரும்ப உள்ளே வைப்பாள். தராசு அதைக் காட்டிக்கொடுக்கும். ஊறுகாய் பாட்டில் நூறு மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது என்று டிராவல்ஸ்காரர் சொன்னதும், அது மகன் ஜீன்ஸ் பேன்ட்டின் பைக்கு மாறும். சோதனையில் அங்கிருந்தும் குப்பைத் தொட்டிக்கு மாறும்.

இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலானோர் கப்பலைப் பிடித்துவிடுகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் எதிரே மதுரைக் குடும்பமோ கோயம்புத்தூர்க் குடும்பமோ உட்கார்ந்தால், ஊரும் பேரும் கேட்பதற்கு முன் இவர் கேட்கும் முதல் கேள்வி: “பிளைட்டு எவ்வளவுக்குப் போட்டீங்க?” அவர்கள் சொல்லும் தொகை கூடுதல் என்றால் அன்றிரவு இரண்டு தட்டு பிரியாணி இறங்கும். குறைவு என்றால் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். கப்பலில் வைஃபைக்குத் தனிக் கட்டணம். அதை இவர் கட்டமாட்டார். ஆகவே நடுக்கடலில் இருக்கும்வரை இவர் விலை பார்ப்பதில்லை. மனைவி இந்தப் பயணத்தில் மிகவும் அனுபவிப்பது இதைத்தான் என்று மகளிடம் சொல்வதுண்டு.