நைட்டி ஊரில் ஒரு ரியாக்ட் தொழிலாளி

தளவாய்புரத்தில் போய், "நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன்" என்று சொல்லி யாரும் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. இங்கே தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடுகிறது. ஊரின் பேர் வெளியே தெரிவதே நைட்டியால்தான். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ சாஃப்ட்வேர் ஆபீஸ் வந்தபிறகு, கிராமத்தில் உட்கார்ந்தும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாம் என்பதை நம்புகிறார்கள். ஆனால் அது வேலைதானா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.

சந்தேகத்துக்குக் காரணம், நான் தினமும் பத்து மணிக்குப் பேசும் 'ஸ்டாண்டப்'. நின்றுகொண்டே பேசினால் கால் வலித்துச் சீக்கிரம் முடிப்பார்கள் என்று கண்டுபிடித்த கூட்டம் அது. வீட்டிலிருந்து பேசும்போது எல்லோரும் உட்கார்ந்துதான் இருக்கிறோம், அதனால் முடிவதில்லை. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், ஏதும் தடை உண்டா என்று ஒப்பிக்க வேண்டும். பக்கத்து வீடு மாமாவின் நைட்டி யூனிட். அங்கே கட்டிங் மாஸ்டர் ஜன்னல் வழியாக இதைக் கேட்டுவிட்டு, "தம்பி, நேத்துச் செஞ்ச வேலைய தெனமும் வாயால சொல்லணுமா? அடுக்கி வச்சிருந்தா தெரியாதா?" என்றார். தெரியாது அண்ணாச்சி, அதுதான் எங்கள் தொழிலின் சங்கடம்! 2001-இல் அமெரிக்காவின் யூட்டா பனிமலையில் 17 பேர் கூடி, மென்பொருள் எழுதும் முறை பற்றி 'அஜைல்' அறிக்கை எழுதினார்கள். நடைமுறைகளைவிட மனிதர்கள் முக்கியம் என்று தொடங்குகிறது அது. அதைப் பின்பற்றத்தான் இப்போது ஸ்டாண்டப் போல ஒரு நடைமுறை, அதற்கொரு மென்பொருள், அதைச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர், அவருக்கு ஒரு சான்றிதழ்.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நேராகக் கேட்கவும் மாட்டார்கள். எத்தனை 'பாயிண்ட்' என்பார்கள். 1, 2, 3, 5, 8, 13. நான்கு கிடையாது, உங்கள் வேலை நான்கு என்றால் அது உங்கள் தலைவிதி. ஓவர்லாக் அடிக்கும் அக்காவிடம் நாளைக்கு எத்தனை பீஸ் முடியும் என்று கேட்டுப் பாருங்கள். "ஜிப் மாடலா, ஃப்ரில் மாடலா? கரண்டு இருக்குமா?" என்று திருப்பிக் கேட்பார். இவ்வளவு அறிவான கேள்வியை எங்கள் கூட்டத்தில் நான் கேட்டதில்லை. ஆனால் கரண்டு போனால் அக்காவுக்குப் பீஸும் இல்லை, கூலியும் இல்லை. எங்கள் சர்வர் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் எனக்குச் சம்பளம் வரும். ஆகவே கூட்டத்தைப் பற்றிய புலம்பலை இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை.

கருவிகளைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியாது. மாமாவின் யூனிட்டில் மாடல் மாறும், மிஷின் மாறாது. எங்களிடம் மிஷின் மாறிக்கொண்டே இருக்கும். தைப்பது மட்டும் அதே ஃபாரம்தான்: பெயர், போன் நம்பர், கீழே ஒரு பட்டன். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்து நாளில் எழுதினார். அதற்கு ஒட்டுப் போடும் வேலையைத்தான் அன்றிலிருந்து மற்றவர்கள் பார்க்கிறோம். லைப்ரரி, ஃப்ரேம்வொர்க் என்று அந்த ஒட்டுகளுக்குப் பெயர்: 2006-இல் ஜேக்வெரி, 2010-இல் ஆங்குலர், 2013-இல் ரியாக்ட், 2014-இல் வியூ. 2016-இல் ஆங்குலர் 2 வந்தது. பழைய ஆங்குலரில் எழுதியதை ஏறத்தாழ முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. தையல் மிஷின் கம்பெனிக்காரர் வந்து, "தைத்த நைட்டியை எல்லாம் பிரித்து மறுபடி தையுங்கள்" என்றால் மாமா என்ன சொல்வார் என்பதை அச்சில் போட முடியாது.

அதே 2016 மார்ச்சில்தான் 'லெஃப்ட்-பேட்' கூத்து. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் நிரல்; மொத்தம் 11 வரி. எழுதிய அஸெர் கோச்சுலு, பெயர்த் தகராறு ஒன்றில் கோபித்துக்கொண்டு, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளும் என்.பி.எம். கிடங்கிலிருந்து தன் சரக்கை எல்லாம் எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த பெரிய பெரிய புராஜெக்டுகளின் பில்டெல்லாம் நின்றது. கடைசியில் என்.பி.எம். நிர்வாகமே அந்த 11 வரியைத் தேடி எடுத்துப் பழைய இடத்தில் வைத்தது. திருந்தினோமா? ஓர் எண் ஒற்றைப்படையா என்று பார்க்க ஒரு பேக்கேஜ் இருக்கிறது. இரட்டைப்படையா என்று பார்க்க இன்னொன்று. அது முதல் பேக்கேஜைக் கூப்பிட்டுக் கேட்டு, பதிலைத் தலைகீழாக்கிச் சொல்கிறது. சிரிக்காதீர்கள், சத்தியமாக இருக்கிறது.

மாமா வெப்சைட் கேட்டபோது இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு எச்.டி.எம்.எல். ஃபைலில் மாடல் படம், அளவு, விலை, வாட்ஸ்அப் நம்பர் போட்டுக் கொடுத்தேன். கூலி, அம்மாவுக்கு நைட்டி. "இவ்வளவுதானா?" என்று மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட முதல் இணையப் பக்கத்தை செர்ன் ஆய்வுக்கூடம் இன்றும் வைத்திருக்கிறது. மாமாவின் செல்போனிலேயே திறந்து காட்டினேன். அதுவும் வெறும் எச்.டி.எம்.எல்.தான். நீங்களும் கடைக்கு ஒரு பக்கம் போட ஆளைக் கூப்பிட்டு, அவர் எடுத்த எடுப்பிலேயே ஃப்ரேம்வொர்க் பெயரைச் சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள்.