28 நாள் தொடாத பணம்

என் மனைவி மாட்டு டாக்டர். 2012இல் ஒரத்தநாட்டுக்கு வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள்; இப்போது இங்கிலாந்தில் பிஎச்.டி. செய்கிறாள். "நம்மூர்ல இல்லாத மாடா அங்க இருக்கு?" என்று கேட்ட பெரியப்பா, நானும் போகப்போவதாகச் சொன்னதும் கேள்வியை மாற்றினார்: "அவ படிக்கப் போனா நீ எதுக்குடா, புத்தகப் பையைத் தூக்கவா?" விசா விதிப்படி நான் அவளைச் சார்ந்து வாழ்கிறவன். இதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

உண்மையில் இது யோகம்தான். 2024 ஜனவரி 1 முதல் அங்கே சாதாரண எம்.எஸ்சி.யில் சேருகிறவர்கள் துணையைக் கூட்டிப்போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கும், அரசு உதவித்தொகையில் படிப்பவர்களுக்கும்தான் அனுமதி. கல்யாணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்துவிட்டது. காசநோய் இல்லையென்று சென்னையில் நெஞ்சைப் படம்பிடித்தும் ஆயிற்று. விசாக் கட்டணம் போக, வைத்தியத்துக்கென்று வருஷத்துக்கு 776 பவுண்ட் முன்கூட்டியே கட்டணும். அதையும் எப்படியோ புரட்டிவிடலாம்.

ஆளைப் படுத்துவது வங்கிக் கணக்குதான். லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 680 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்கு 6,120. நம் பணத்தில் ஏழு லட்சம் பக்கம். அது கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்கணும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் போச்சு.

இந்த விதியை எழுதியவர் டெல்டாவில் ஓர் ஆடி மாதத்தைக்கூடக் கழித்தவரில்லை. இங்கே பணம் கணக்கில் தங்காது; முகம் காட்டிவிட்டுப் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட காசு வந்த குறுஞ்செய்தி எனக்கு முன்னால் உரக்கடைக்குத் தெரிந்துவிடுகிறது. புதாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால் டிராக்டர்காரர் வாசலில் நிற்கிறார்.

இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். மொய் விருந்தை?

ஆடியும் ஆவணியும் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துக் காலம். கறிச்சோறு போட்டு, மொய் வாங்கி, நோட்டில் ஏற்றிவிடுவார்கள். திருப்பிச் செய்யும்போது பழைய நடையை, அதாவது முன்பு வாங்கிய மொய்யை, தீர்த்து, அதற்குமேல் புது நடையும் வைக்கணும். அப்பா நடத்திய விருந்தில் தாராளமாகச் செய்தவர்கள் அத்தனை பேரும், பேசிவைத்தாற்போல் இந்த ஆடியிலேயே பத்திரிகையோடு வருகிறார்கள்.

"வெள்ளைக்காரன் பணத்தை எடுக்கக் கூடாதுங்கிறான் மாமா."

"நீ எடுக்காத மாப்ள. மொய்யை மட்டும் வையி."

கறிச்சோற்று இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேங்க் ஸ்டேட்மென்ட்டை நீட்ட முடியுமா?

ராத்திரி மனைவி கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் "சாப்டீங்களா?" என்பாள். இப்போது, "என்னங்க, பேலன்ஸ் அப்படியே இருக்கா?" காய்ச்சல் குறைந்ததா என்று மாட்டுக்காரரிடம் கேட்கிற அதே குரல்.

28 நாள் முடிந்தால், அடுத்த 31 நாளுக்குள் விண்ணப்பித்தாகணும். ஆகவே உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்திரிகை வைக்க வருகிறவர்கள் ஆவணி பிறந்ததும் வாருங்கள். நடையைப் பாக்கி வைக்கிற குடும்பமில்லை எங்களுடையது. அவசரமென்றால் ஜிபே நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் போன மறுநாள் போட்டுவிடுகிறேன்.