நாய்க்கண்ணாடியியல்: ஒரு தோற்றுவாய்

நாய்க்கு மூக்கு உண்டு. கண்ணாடி உட்காரத் தோதான மூக்குத்தண்டு கிடையாது. காதும் உண்டு, அதில் கண்ணாடிக் காம்பு நிற்காது. இவ்விரு குறைகளால்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் நாயினத்தை நெடுங்காலம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பது இவ்வாய்வின் துணிபு. இன்றைய நாய்க்கண்ணாடியில் காம்புக்குப் பதில் இரண்டு பட்டைகள். ஒன்று பிடரியைச் சுற்றும், மற்றது தாடைக்கு அடியில் போகும்.

'இயற்கை மூன்றாம் இமையைத் தந்திருக்க, கண்ணாடி எதற்கு?' என்பர் மறுப்போர். கண்ணின் உள்மூலையிலிருந்து குறுக்கே வந்து தூசியைத் துடைத்துவிட்டுப் போகும் சவ்வு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாய் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து வரும் என்று இயற்கை கணக்குப் போடவில்லை.

இதற்குச் சான்று 1903. வெர்மான்ட் மாநில டாக்டர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன், சான் பிரான்சிஸ்கோ கிளப் ஒன்றில் 50 டாலர் பந்தயம் கட்டினார்: மோட்டார் காரிலேயே நியூயார்க் போய்ச் சேர்வதாக. குரோக்கர் என்ற மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு, ஒரு விண்டன் காரில் கிளம்பினார். கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. வழியில் ஐடஹோவில் 'பட்' என்ற புல்டாக் வந்து சேர்ந்தது. உவர்மண் தூசியில் பட்டின் கண்கள் சிவந்து வீங்கவே, ஓட்டுநர் அணியும் கண்ணாடியையே அதற்கும் மாட்டினார் ஜாக்சன். கொஞ்ச நாளில், கண்ணாடி இல்லாமல் பட் வண்டியேற மறுத்தது என்பது அவர் வாக்குமூலம். பயணம் முழுக்கக் கெட்ட வார்த்தை பேசாத ஒரே ஆள் பட்தான் என்றும் சொல்லியிருக்கிறார். 63 நாளில் நியூயார்க். 50 டாலர் பந்தயத்துக்குச் சுமார் 8,000 டாலர் செலவழித்த மனிதர் நாய்க்குக் கண்ணாடி மாட்டியதில் வியப்பென்ன? அந்தக் கண்ணாடி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. பல்கலைக்கழகங்கள் இத்துறைக்கு இருக்கை அமைக்கத் தவறியதை அருங்காட்சியகமாவது ஈடுசெய்தது.

மருத்துவக் கண்ணாடி பற்றிச் சர்ச்சை இல்லை. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்குக் கருவிழிமேல் ரத்தநாளம் படரும் 'பானஸ்' என்றொரு நோய் வருவதுண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் அதை முற்றவைக்கும். அதனால் சொட்டு மருந்தோடு கண்ணாடியும் எழுதிக் கொடுக்கிறார்கள். இராக் மணற்புயலில் அமெரிக்க ராணுவ நாய்களும் கண்ணாடி போட்டிருக்கின்றன.

சிக்கல் அலங்காரக் கண்ணாடியில்தான். இதய வடிவச் சட்டம், சிவப்பு வில்லை, ஓரத்தில் ஜிகினா. மாட்டியவுடன் நாய் முதலில் சிலையாகிறது. பிறகு முன்னங்காலால் மூக்கின்மேல் இரண்டு இழுப்பு. அதற்கும் வரவில்லையென்றால் கன்னத்தைத் தரையோடு வைத்து, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக் கம்பளத்தில் ஒரு நீள உழவு. எடுத்த பத்துப் படத்தில் ஒன்பது கலங்கலாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த அலங்காரத்தால் அணிபவருக்கு ஆகும் நன்மை யாது? நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. நிலைக்கண்ணாடியில் தெரிவது தானே என்பதும் அதற்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆக, தன் அழகை அதனால் ரசிக்கவும் முடியாது, ஜிகினாவுக்காக வெட்கப்படவும் முடியாது. வெட்கப்பட வேண்டியவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார், அவர் படுவதில்லை.

எனவே ஆய்வாளனின் பரிந்துரை: தூசிக்கும் நோய்க்கும் என்றால் மூக்கின் சுற்றளவை அளந்து வாங்குங்கள். முதல் நாள் சில நொடிகள் மட்டும் மாட்டி, பிஸ்கட் கொடுத்துக் கழற்றுங்கள். அலங்காரத்துக்குத்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் நீலமோ மஞ்சளோ பார்த்து வாங்கவும். அந்த இரண்டு நிறம்தான் நாய்க்கு ஒழுங்காகத் தெரியும்.